பட்டனைத் தள்ளினால் பாயும் கத்தி: ஆசையா, அவசியமா?

புதிய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து இறங்கும் நாளில் முதலில் தேவைப்படுவது மவுஸும் இல்லை, கீ போர்டும் இல்லை. ஒரு கத்திதான். சி.பி.யு., மானிட்டர், பிரிண்டர் என்று மூன்று அட்டைப் பெட்டிகள் ஹாலில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் அகலமான பேக்கிங் டேப். உள்ளே கேபிள்களை இறுக்கிக் கட்டிய நைலான் டை. கூடவே ஒரு பென் டிரைவ் வாங்கியிருந்தால், அது கையால் பிரிக்கவே முடியாத கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். சமையலறைக்கு ஓடிக் காய் நறுக்கும் கத்தியை எடுத்து வருவோம். அதற்காகத் திட்டும் வாங்குவோம்.

எனவே கம்ப்யூட்டர் இதழில் கத்தியைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பட்டனைத் தள்ளினால் கைப்பிடியின் முன்பக்கத்திலிருந்து நேராகப் பாயும் ஒரு வகைக் கத்தி உண்டு. அதன் மேல் ஆசைப்பட்டு ஒரு புத்தம் புது மானிட்டரைப் பாழாக்கியவன் நான். அதே கத்தியை நம்பி யார் தயவும் இல்லாமல் வேலை செய்த ஒருவரையும் எனக்குத் தெரியும். இரண்டு கதைகளையும் சொல்கிறேன். படித்த பிறகு, உங்கள் மேஜை டிராயரில் எந்தக் கத்தி இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து கொள்ளலாம்.

டெக்சாஸில் பார்த்த முதல் கத்தி

2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். புதிதாக வரும் மானிட்டர்களையும் கம்ப்யூட்டர்களையும் பிரித்து, சாப்ட்வேர் நிறுவி, ஒவ்வொரு மேஜையாகக் கொண்டுபோய் வைப்பது எங்கள் வேலை. பெட்டிகள் வந்து இறங்கும் ஸ்டோர் ரூமுக்குப் பொறுப்பாக ஓர் அமெரிக்க நண்பர் இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். இளம் வயதில் நடந்த ஒரு விபத்தில் இடது கையை முழங்கைக்கு மேலேயே இழந்தவர்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் 40 மானிட்டர்கள் ஒன்றாக வந்தன. உதவி செய்யலாம் என்று அவர் பக்கம் போனேன். அவர் ஒரு பெட்டியை இடுப்பால் சுவரோடு சேர்த்து அழுத்திக் கொண்டார். வலது கை பாக்கெட்டுக்குள் போனது. "டக்" என்று ஒரு சத்தம். விரல் நீளக் கத்தி ஒன்று கையில் நின்றது. டேப்பின் மேல் ஒரு கோடு. மறுபடி "டக்". கத்தி பாக்கெட்டுக்குள் போய்விட்டது. மொத்தம் 5 விநாடிகூட ஆகியிருக்காது. நான் என் பெட்டியின் டேப்பை நகத்தால் சுரண்டிக் கொண்டிருந்தேன்.

அந்தக் கத்தியின் பெயரைக் கேட்டேன். "ஓ.டி.எப்." என்றார். அவுட் தி பிரண்ட் என்பதன் சுருக்கம். சாதாரண மடக்குக் கத்தி கைப்பிடியின் பக்கவாட்டிலிருந்து கதவு திறப்பதுபோலச் சுழன்று வரும். இது அப்படி இல்லை. சிடி டிரைவின் தட்டு வெளியே வருவதுபோல நேராக முன்பக்கம் வரும். வித்தியாசம் வேகத்தில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்தக் கத்திகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிங்கிள் ஆக்‌ஷன். பட்டனை அழுத்தினால் கத்தி வெளியே வரும். உள்ளே தள்ள வேண்டுமென்றால் ஒரு கொக்கியையோ பிடியையோ இழுத்து, ஸ்பிரிங்கை மீண்டும் ஏற்றி வைக்க வேண்டும். மற்றது, டபுள் ஆக்‌ஷன். ஒரே பட்டனை முன்னால் தள்ளினால் கத்தி வெளியே வரும். பின்னால் இழுத்தால் உள்ளே போகும். அமெரிக்க நிறுவனங்களான மைக்ரோடெக்கின் அல்ட்ராடெக், பெஞ்ச்மேடின் இன்பிடல் ஆகியவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நண்பரிடம் இருந்ததும் டபுள் ஆக்‌ஷன்தான்.

அது வேலை செய்யும் விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கத்தி மூடியிருக்கும்போது பின்பக்கம் ஒரு பூட்டு அதைப் பிடித்துக் கொண்டிருக்கும். நீங்கள் கட்டை விரலால் பட்டனை முன்னால் தள்ளத் தொடங்குகிறீர்கள். பட்டனோடு இணைந்த ஸ்பிரிங் இழுபடுகிறது. கத்தி இன்னும் நகரவில்லை, பூட்டு பிடித்திருக்கிறது. பட்டன் தன் பாதையின் முடிவுக்கு வரும் கணத்தில் பூட்டு விடுபடுகிறது. இழுபட்டிருந்த ஸ்பிரிங் சட்டென்று சுருங்கிக் கத்தியை முன்னால் உதைக்கிறது. ஆனால் கடைசி வரை அது கத்தியைத் தள்ளிக்கொண்டே வருவதில்லை. சிறிது தூரம் உதைத்ததும் அதன் வேலை முடிந்துவிடும். மீதித் தூரத்தைக் கத்தி தன் வேகத்திலேயே கடந்து, முன்பக்கப் பூட்டில் போய் மாட்டிக் கொள்ளும். நீங்கள் கேட்கும் "டக்" சத்தம் அதுதான். பட்டனைப் பின்னால் இழுத்தால் இதே வேலை தலைகீழாக நடக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டபுள் ஆக்‌ஷன் கத்தியில் பட்டனை நகர்த்தாதவரை ஸ்பிரிங் ஏற்றப்படுவதில்லை. அதாவது பாக்கெட்டுக்குள் இருக்கும்போது அது விசை ஏற்றிய நிலையில் காத்திருப்பதில்லை. அந்த விசையைக் கொடுப்பது உங்கள் கட்டை விரல்தான். அதனால்தான் பட்டன் சற்றுக் கடினமாக இருக்கும். வாங்கியவர்கள் முதல் நாளில் விரல் வலிக்கிறது என்பார்கள்.

"டக்" என்ற சத்தத்தின் மயக்கம்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது கத்தி இல்லை, அந்தச் சத்தம்தான். பால்பாயிண்ட் பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி விளையாடாதவர் யார்? மடக்கும் செல்போன் வந்த காலத்தில், அழைப்பு எதுவும் வராதபோதும் அதைத் திறந்து மூடிக் கொண்டிருந்தோம். தலையைத் தள்ளினால் உள்ளே போகும் பென் டிரைவும் அப்படித்தான். ஒரு விரல் அசைவு, ஒரு சத்தம், வேலை முடிந்தது என்ற திருப்தி. ஓ.டி.எப். கத்தி அந்தத் திருப்தியைப் பத்து மடங்காக்கித் தருகிறது. உள்ளே இருக்கும் பொறியமைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. விரலுக்கு மட்டும் தெரிகிறது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு 40 டாலருக்கு ஒன்று வாங்கினேன். பெயர் பெற்ற நிறுவனங்களின் கத்திகள் 200, 300 டாலர் என்று விலை சொன்னதால், பார்க்க அதே மாதிரி இருந்த மலிவான கத்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இருபுறமும் கூரான, குத்துவாள் வடிவில் மூன்றரை அங்குலக் கத்தி. அந்த வடிவம் எந்த வேலைக்கு உதவும் என்று நான் யோசிக்கவே இல்லை. சோபாவில் உட்கார்ந்து "டக், டக்" என்று தட்டிக் கொண்டிருந்தேன். "அதை உள்ளே வையுங்களேன்" என்று மனைவி மூன்று முறை சொன்னார்.

பாழான மானிட்டர்

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு 24 அங்குல மானிட்டர் வந்தது. மனைவிக்கு ஓர் ஆன்லைன் படிப்பு திங்கட்கிழமை தொடங்க இருந்தது. சிறிய லேப்டாப் திரையில் மணிக்கணக்கில் படிப்பது கண்ணுக்குச் சிரமம் என்று, சேர்த்து வைத்த பணத்தில் வாங்கியது. விலை 180 டாலர்.

"கத்தரிக்கோல் டிராயரில் இருக்கிறது" என்றார் மனைவி. நான் கேட்கவில்லை. பெட்டியைத் தரையில் படுக்க வைத்தேன். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்த அம்புக் குறியைப் பார்க்கவில்லை. கத்தியைப் பாய விட்டு, டேப் ஒட்டியிருந்த இடத்தில் குத்தி இழுத்தேன். அட்டையின் தடிமன் அரை சென்டிமீட்டர்தான். கத்தியோ மூன்றரை அங்குலம். மானிட்டர் பெட்டியில் தெர்மோகோல் ஓரங்களில்தான் தடிமனாக இருக்கும். திரையின் நடுவில் மெல்லிய பஞ்சுத் தாள் மட்டுமே. அன்று எனக்கு அது தெரியாது.

வெளியே எடுத்தபோது பஞ்சுத் தாளில் ஒரு சிறு கிழிசல் இருந்தது. அவ்வளவுதானே என்று நினைத்தேன். மின்சாரம் கொடுத்து ஆன் செய்ததும் திரையின் நடுவில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்புக் கறை. அதிலிருந்து மேலும் கீழும் ஓடிய வண்ணக் கோடுகள். எல்.சி.டி. திரையில் படங்களை உருவாக்கும் திரவப் படிகம் இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. முனை பட்டு உட்கண்ணாடி விரிந்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழி இல்லை. வாரண்டியும் கிடைக்காது, நாமே செய்த சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை 11 அங்குல லேப்டாப்பைத் திறந்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தார். இரண்டு மாதம் அப்படியே படித்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நண்பர் நடத்திய பாடம்

திங்கட்கிழமை ஸ்டோர் ரூமில் என் கத்தியை நண்பரிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கத்தியை வாங்கி, அதன் முன்பக்கத்தை ஓர் அட்டைப் பெட்டியின் மேல் அழுத்தி வைத்துக் கொண்டு பட்டனைத் தள்ளினார். அட்டையைத் துளைத்துக் கொண்டு போகும் என்று நான் எதிர்பார்த்தேன். "டொக்" என்று ஒரு மந்தமான சத்தம் மட்டும் வந்தது. பெட்டியை நகர்த்திக் காட்டினார். கத்தி பாதி வழியில், முன்னும் பூட்டாமல் பின்னும் பூட்டாமல் தொளதொளவென்று ஆடிக் கொண்டிருந்தது.

"பார்த்தீர்களா? சினிமாவில் காட்டுவது வேறு, இது வேறு. வழியில் ஏதாவது தடுத்தால் இது நின்றுவிடும்" என்றார். பிறகு முனையைத் தெர்மோகோலில் குத்தி, கைப்பிடியைப் பின்னால் இழுத்தார். கத்தி "டக்" என்று தன் இடத்தில் உட்கார்ந்தது.

தன் கதையையும் அன்றுதான் சொன்னார். கையை இழந்த புதிதில் சாதாரண மடக்குக் கத்திதான் வைத்திருந்தாராம். திறப்பதற்குப் பல்லால் கடித்து இழுப்பார். மூடுவதற்குக் கத்தியின் முதுகைத் தொடையில் வைத்து அழுத்துவார். இரண்டு முறை தையல் போட வேண்டியிருந்தது. அதைவிட வருத்தம் தந்தது வேறொன்று. ஒரு பெட்டியைத் திறக்கக்கூட யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டவர்கள் முகம் சுளிக்காமல்தான் வந்தார்கள். ஆனாலும் தினமும் கூப்பிட வேண்டியிருந்ததே என்றார்.

"உங்களுக்கு இது விளையாட்டுச் சாமான். எனக்கு இது இன்னொரு கை" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

1958ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு விதிவிலக்கும்

அவர் சொன்னது அமெரிக்கச் சட்டத்திலேயே பதிவாகியிருக்கிறது. 1950களில் அங்கே விசைக் கத்தி என்றாலே இளைஞர் கும்பல், தெருச் சண்டை என்ற பயம் பரவியது. 1950ல் ஒரு பெண்கள் பத்திரிகை இதைக் கொல்லும் பொம்மை என்று வர்ணித்துக் கட்டுரை வெளியிட்டது. 1955ல் வந்த ரெபெல் வித்தவுட் எ காஸ் படத்திலும், 1957ல் வந்த 12 ஆங்ரி மென் படத்திலும் விசைக் கத்தி முக்கிய இடம் பெற்றது. 1958ல் அமெரிக்க மத்திய அரசு ஸ்விட்ச்பிளேடு சட்டத்தை இயற்றி, மாநிலம் விட்டு மாநிலம் இவற்றை வியாபாரம் செய்வதைத் தடை செய்தது.

அந்தச் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. ஒரே ஒரு கை உள்ளவர், 3 அங்குலத்துக்கு மிகாத விசைக் கத்தியைத் தன்னிடம் வைத்திருக்கலாம், உடன் எடுத்துச் செல்லலாம். பயந்துபோய்ச் சட்டம் எழுதியவர்களும் இந்தக் கத்தியின் உண்மையான பயன் யாருக்கு என்று யோசித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் பாராசூட் வீரர்களுக்குக் கொடுத்த கத்தியும் முன்பக்கமாக வெளிவருவதுதான். ஒரு நெம்புகோலை அழுத்தினால், அது தன் எடையாலேயே சரிந்து வெளியே வரும். கயிறுகளில் சிக்கிய வீரன் ஒரு கையாலேயே அறுத்துக் கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். ஆக, ஒரு கைக்குத்தான் வேலை இருக்கிறது என்ற நிலைமைக்குப் பிறந்தவை இந்தக் கத்திகள்.

நிறை, குறை

ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நிறைகள்: திறக்க ஒரு கை போதும். இன்றைக்குப் பல மடக்குக் கத்திகளையும் ஒரு கையால் திறக்கலாம். ஆனால் ஒரு கையாலேயே மூடும்போது, பூட்டை விடுவிக்கும் விரல் பெரும்பாலும் கத்தி வரும் வழியில் இருக்கும். ஓ.டி.எப். கத்தியை மூடும்போது விரல் வெட்டு முனைக்கு அருகிலேயே போவதில்லை. இதன் மிகப் பெரிய வசதி, திறப்பதைவிட மூடுவதில்தான் இருக்கிறது. கையுறை போட்டிருப்பவர்களுக்கும், ஏணியில் ஒரு கையால் பிடித்துக் கொண்டு நிற்பவர்களுக்கும் இது உதவும்.

குறைகள்: கத்தி உள்ளே ஓடிவர இடைவெளி வேண்டும். அதனால் வெளியே வந்து பூட்டிய பிறகும் சிறு ஆட்டம் இருக்கும். மடக்குக் கத்தி அளவுக்கு அழுத்தி வேலை செய்ய முடியாது. உள்ளே நுணுக்கமான பாகங்கள் இருப்பதால் விலை அதிகம். விலை மலிந்தால் பூட்டு சரியாகப் பிடிக்காது. என் 40 டாலர் கத்தி மூன்றாம் மாதமே பாதி வழியில் நிற்கத் தொடங்கியது. முன்பக்கம் திறந்த வாய் என்பதால் பாக்கெட்டில் உள்ள பஞ்சும் தூசியும் உள்ளே போய்ச் சேரும்.

பராமரிப்பு நமக்குப் பழக்கமானதுதான். கீ போர்டில் தூசியை ஊதித் தள்ளப் பயன்படுத்தும் அழுத்தக் காற்று டப்பாவைத்தான் நண்பர் இதற்கும் பயன்படுத்தினார். மெல்லிய குழாயை வாயில் வைத்து இரண்டு முறை ஊதுவார். பிறகு ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். அதிகம் விட்டால் தூசி பசைபோல ஒட்டிக் கொள்ளும் என்பார். கம்ப்யூட்டர் விசிறிக்கு எண்ணெய் விடுகிறேன் என்று கெடுத்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைத் தவறாமல் படிக்கவும். இணையத்தில் அழகான படத்தைப் பார்த்ததும் ஆர்டர் செய்துவிடும் காலம் இது.

அமெரிக்காவில் கத்தியை வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ் விசைக் கத்திக்கான தடையை 2013 செப்டம்பரில் நீக்கியது. கலிபோர்னியாவில் 2 அங்குலத்துக்குக் குறைவான விசைக் கத்தியை மட்டுமே எடுத்துச் செல்லலாம். மாசசூசெட்ஸ் மாநிலத் தடையை அதன் உச்ச நீதிமன்றம் 2024ல் ரத்து செய்தது. பிரிட்டனில் நிலைமை நேர் எதிர். 1959லேயே இவற்றின் தயாரிப்பும் விற்பனையும் தடை செய்யப்பட்டன. 2019ல் இயற்றிய சட்டம் 2021ல் நடைமுறைக்கு வந்த பிறகு, வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம்.

இந்தியாவில் ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைத்தவை இதில் சேராது. டெல்லியில் 1980ல் வெளியான அறிவிக்கை இதைவிடக் கண்டிப்பானது. ஸ்பிரிங்கால் திறக்கும் கத்தியும் பட்டன் கத்தியும் 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். எனவே, விற்கிறார்கள் என்பதால் வைத்துக் கொள்ளலாம் என்று பொருள் இல்லை. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியையும் எடுத்துச் செல்ல முடியாது.

இந்தச் சட்டங்களின் பாதிப்பு கத்தி தயாரிப்பாளர்களையும் எட்டியிருக்கிறது. ஸ்விஸ் ஆர்மி கத்தி தயாரிக்கும் விக்டோரினாக்ஸ் நிறுவனம் 2004ல் பென் டிரைவ் பொருத்திய கத்தியைக் கொண்டு வந்தது. விமானப் பயணிகளுக்காக, பென் டிரைவ் இருந்து கத்தி இல்லாத மாடலையும் விற்றது. 2024ல், கத்தியே இல்லாத கருவிகளை உருவாக்கி வருவதாக அதே நிறுவனம் தெரிவித்தது.

உங்கள் மேஜைக்கு எது சரி?

இரண்டு கையும் நன்றாக இருக்கிற நமக்கு, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரண பேப்பர் கட்டர் போதும். யோசித்துப் பாருங்கள்: அதுவும் முன்பக்கமாக வெளிவரும் கத்திதான். கட்டை விரலால் தள்ளினால் வரும், இழுத்தால் போகும். ஸ்பிரிங் மட்டும் இல்லை. கூர் மழுங்கினால் நுனியை உடைத்துவிட்டுப் புதுக் கூரைப் பயன்படுத்தும் இந்த முறையை 1956ல் ஜப்பானைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா கண்டுபிடித்தார். சாக்லேட் கட்டியில் உடைப்பதற்காக இருக்கும் கோடுகள்தான் அவருக்கு வழி காட்டின. ஓல்பா என்ற நிறுவனத்தின் பெயருக்கே கத்தியை உடைப்பது என்று ஜப்பானிய மொழியில் பொருள்.

ஓ.டி.எப். கத்தியில் இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது. எவ்வளவு நீளம் வெளியே வர வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஓ.டி.எப். வந்தால் முழுதாக வரும். என் மானிட்டரைக் கொன்றது அந்த முழு நீளம்தான். கட்டரை 5 மில்லிமீட்டர் மட்டும் தள்ளியிருந்தால் டேப் அறுந்திருக்கும், திரை பிழைத்திருக்கும்.

அப்படியானால் நண்பரும் கட்டரையே பயன்படுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மெல்லிய தகடு, அட்டையில் பதித்த பின்னில் பட்டால் முறிந்துவிடும். முறிந்ததை மாற்ற இரண்டு கை வேண்டும் என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கும்போது இவற்றைக் கடைப்பிடிக்கவும்.

1. பெட்டியில் உள்ள அம்புக் குறியைப் பார்த்து, மேல் பக்கம் மேலே இருக்குமாறு நிறுத்தவும். மானிட்டர் பெட்டியைப் படுக்க வைத்து வெட்ட வேண்டாம்.

2. கட்டரில் 5 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தள்ளிப் பூட்டவும். குத்த வேண்டாம், டேப்பின் மேல் கோடு போடுவதுபோல இழுக்கவும். உங்கள் உடம்பை நோக்கி இழுக்காமல், பக்கவாட்டில் இழுக்கவும்.

3. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண் ஸ்டிக்கரை வெட்டிவிட வேண்டாம். வாரண்டிக்கு அது தேவைப்படும்.

4. கேபிள்களைக் கட்டிய நைலான் டையைக் கத்தியால் அறுக்க வேண்டாம். சற்று வழுக்கினாலும் கேபிளின் தோல் கிழியும். நகவெட்டியோ, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் கட்டிங் பிளேயரோ போதும். மின் இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்கவும்.

5. கெட்டி பிளாஸ்டிக் உறைக்குக் கத்தரிக்கோலைப் பயன்படுத்தவும். வெட்டிய ஓரமும் கத்திபோலக் கிழிக்கும், கவனம்.

6. வேலை முடிந்ததும் கட்டரை உள்ளே இழுத்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். பெட்டியையும் தெர்மோகோலையும் சில வாரம் பத்திரப்படுத்தவும். பழுது என்று திருப்பி அனுப்ப நேர்ந்தால் அவை வேண்டும்.

கடைசியாக

2017ல் ஊர் திரும்பும் முன் நண்பரிடம் விடைபெறப் போனேன். என் ஓ.டி.எப். கத்தியை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வாங்கி இரண்டு முறை தட்டிப் பார்த்தார். இரண்டாவது முறை அது பாதியில் நின்றது. "இதை நம்பி என்னால் வேலை செய்ய முடியாது" என்று சொல்லி, பழைய இரும்பு போடும் பெட்டிக்குள் போட்டார். எனக்கு வருத்தம் இல்லை. நம்ப முடியாத கருவியை அவரிடம் கொடுக்க நினைத்ததற்காகத்தான் வெட்கமாக இருந்தது.

அன்றும் பெட்டிகள் வந்திருந்தன. நான் வாசலைத் தாண்டும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. "டக்". சிறிது நேரம் கழித்து மறுபடி "டக்". யாரையும் கூப்பிடாமல் ஒரு பெட்டியைத் திறந்துவிட்டார் என்று தெரிந்தது.

இப்போது என் மேஜை டிராயரில் மஞ்சள் நிறக் கட்டர் ஒன்று இருக்கிறது. தள்ளும்போது "கிர்ர்" என்று ஒரு சத்தம் போடும். கேட்க அவ்வளவு நன்றாக இருக்காது. ஆனால் அது வந்த பிறகு எங்கள் வீட்டில் இரண்டு மானிட்டர்களைப் பிரித்துவிட்டோம். இரண்டும் நன்றாக ஓடிக் கொண்டிருக்கின்றன.